திவான் கவிதை மீது விழுந்த பழி

ஒஸ்மானியப் பேரரசின் செவ்வியல் துருக்கியக் கவிதை ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இடையறாமல் எழுதப்பட்டது. காதல் பாடலான கஜல், புகழ்பாடும் கஸீதா, ஈரடி இயைபில் நீளும் மஸ்னவி ஆகியவை அதன் தலையாய வடிவங்கள். ஒரு கவிஞரின் பாடல்களை வடிவவாரியாகப் பிரித்து, கஜல்களை இயைபின் கடைசி எழுத்துப்படி அகரவரிசையில் அடுக்கிய தொகுதிக்குத் 'திவான்' என்று பெயர். அதை வைத்தே மரபு முழுவதையும் இன்று 'திவான் கவிதை' என்கிறார்கள். கவிஞர்கள் தாங்களாகச் சூட்டிக்கொண்ட பெயர் அல்ல இது. தாங்கள் எழுதியதை அவர்கள் கவிதை என்று மட்டுமே சொன்னார்கள். மரபு ஓய்ந்த பிறகு எட்ட நின்று பார்த்தவர்கள் ஒட்டிய பெயர் இது. பேரரசின் அமைச்சரவைக்கும் திவான் என்றே பெயர் இருந்ததால், அரண்மனை வாடை பெயரிலேயே ஏறிக்கொண்டது.

இந்தக் கவிதையைப் பற்றிச் சுமார் 150 ஆண்டுகளாகப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான்: அது பாரசீகக் கவிதையின் நகல், அரண்மனையில் பிறந்து அரண்மனையிலேயே மடிந்தது, மக்களுக்கு விளங்காத மொழியில் ரோஜா, புல்புல், சுடர், விட்டில் என்று தேய்ந்த உருவகங்களையே திரும்பத் திரும்பப் பாடியது, உண்மையான துருக்கியக் கவிதை பழைய சூஃபிப் பாவலர் யூனுஸ் எம்ரேயிடமும் நாட்டுப்புறப் பாணர்களிடமும் மட்டுமே இருந்தது. கேட்பதற்குக் கச்சிதமான தீர்ப்புதான். ஆனால் கவிஞர்கள் யார், அவர்களின் பாடல்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன என்று பார்க்கத் தொடங்கினால் அது நிற்பதில்லை.

தீர்ப்பு எழுந்த சூழலை முதலில் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசு சரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் புதிய மொழியும் புதிய இலக்கியமும் வேண்டும் என்று எழுத்தாளர் நாமிக் கெமாலின் தலைமுறை நம்பியது. பழைய கவிதையின் உவமைகளை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, அவற்றால் வரையப்படும் காதலியின் உருவம் விகாரமானது என்று நாமிக் கெமால் கேலி செய்தார். அவருடைய தோழர் ஸியா பாஷா, லண்டனில் நாடுகடந்து வாழ்ந்தபோது 1868இல் எழுதிய கட்டுரையில், துருக்கியரின் உண்மைக் கவிதை நாட்டுப்புறப் பாடல்களில்தான் இருக்கிறது என்றார். அவரே 1874இல் அரபு, பாரசீக, துருக்கியச் செவ்வியல் கவிதைகளைத் திரட்டி 'ஹராபாத்' என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டார். நாமிக் கெமால் கொதித்துப்போய் அதற்கு மறுப்பு எழுதினார். ஐரோப்பாவில் கீழையியல் அறிஞர் இ. ஜே. டபிள்யூ. கிப் 1900 முதல் 1909 வரை ஆறு பாகங்களாக வந்த ஒஸ்மானியக் கவிதை வரலாற்றில், துருக்கியர் பாரசீக இலக்கிய முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று நிறுவ முயன்றார். குடியரசு பிறந்த 1923இல் சிந்தனையாளர் ஸியா கோகல்ப் இந்தக் கருத்தைத் தேசியக் கொள்கையாகவே வகுத்தார்: ஒரு பக்கம் மக்களின் பண்பாடு, மறு பக்கம் மேல்தட்டாரின் இரவல் நாகரிகம். 1945இல் அப்துல்பாகி கோல்பினார்லி திவான் இலக்கியத்தைத் தாக்கித் தனி நூலே எழுதினார்.

இவர்கள் அறியாமல் பேசியவர்கள் அல்லர். கோல்பினார்லியின் அறிவு ஆழமானது. அதே அறிஞர்தான் 1948இல் கவிஞர் ஃபுசூலியின் திவானையும் 1951இல் நெதீமின் திவானையும் பதிப்பித்தார். தாக்கிய கையாலேயே அந்தக் கவிதையைக் காப்பாற்றித் தந்தார் என்பது அவருடைய தீர்ப்பைவிடக் கனமான சான்று. பழைய அரசைப் புதைக்க விரும்பியவர்கள் அதன் கவிதையையும் சேர்த்துப் புதைக்க நினைத்தார்கள். இதன் அரசியல் காரணம் விளங்கக்கூடியது. அதை இலக்கிய மதிப்பீடாக ஏற்பதற்குத்தான் நியாயம் இல்லை.

அரண்மனைக் கவிதை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டிய 'தஸ்கிரா' நூல்கள் 1538இல் ஸெஹி பெய்யில் தொடங்கி, 1546இல் லத்தீஃபி, 1568இல் ஆஷிக் செலெபி என்று தொடர்கின்றன. அவற்றில் வரும் மனிதர்களில் பலர் அரண்மனைப் பிள்ளைகள் அல்லர். 16ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய கவிஞராகப் போற்றப்பட்ட பாகீ, இஸ்தான்புல் ஃபாத்திஹ் மசூதியில் பாங்கு சொல்லும் முஅத்தினின் மகன். சிறுவயதில் சேணம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர். அவருக்கு முந்திய தலைமுறையின் நேஜாத்தி அடிமையாக வளர்ந்தவர். பேச்சுமொழிப் பழமொழிகளைக் கஜலுக்குள் கொண்டுவந்ததற்காகவே அவரைப் புகழ்ந்தார்கள். ஸாத்தி பாலிகெசிரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளியின் மகன். இஸ்தான்புல் பாயஸித் மசூதி முற்றத்தில் ரமல் சாஸ்திரம் பார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். குறி கேட்க வருபவர்கள் ஒரு பக்கம், எழுதிய கஜலைத் திருத்திக் கேட்க வரும் இளைஞர்கள் மறு பக்கம். இளம் பாகீயும் அங்கே வந்து போனவர்தான். காசு கொடுத்தவர்களுக்கு ஸாத்தி பாடல் எழுதியும் தந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கஜல்கள் அந்தக் கடைக்காரர் விட்டுச்சென்ற சொத்து. அமாஸியாவில் வாழ்ந்த மிஹ்ரி ஹாத்துன் ஆண் கவிஞர்களுக்கு எதிர்ப்பாட்டு எழுதிய பெண். ஃபுசூலியோ இஸ்தான்புல்லைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஈராக்கிலேயே வாழ்ந்து 1556இல் இறந்தார். தனக்கு விதிக்கப்பட்ட நாளொன்றுக்கு 9 அக்சே வெள்ளிக்காசு உதவித்தொகை கைக்கு வராததைப் பற்றி அவர் எழுதிய முறையீட்டுக் கடிதம், அதிகாரிகளின் அலட்சியத்தைத் தோலுரித்த உரைநடையாக இன்றும் படிக்கப்படுகிறது.

1550களில் இஸ்தான்புல்லில் முதல் காப்பிக்கடைகள் திறந்தபோது, புதிதாக எழுதிய கஜலைக் கையோடு கொண்டுவந்து வாசித்துக் கருத்துக் கேட்பவர்கள் அங்கே கூடியதை வரலாற்றாசிரியர் பெச்செவி பதிந்திருக்கிறார். அரசர்களின் ஆதரவு இருந்ததும், பரிசுக்காகப் புகழ்ச்சிக் கஸீதாக்கள் குவிந்ததும் உண்மை. அவற்றில் பல சலிப்பூட்டுபவை. ஆனால் ஒரு மரபை அதன் மோசமான புகழ்மாலைகளை வைத்து எடைபோடுவது அறமாகாது.

பரிசு வாங்கியவர்கள் வாய் பொத்திக் கிடந்தார்கள் என்பதும் தவறு. ஹங்கேரியின் புடாவிலிருந்து கொண்டுவந்த சிலைகளைப் பெருவிசிர் இப்ராஹிம் பாஷா தன் மாளிகைக்கு முன்னே நிறுத்தியபோது, ஓர் இப்ராஹிம் (நபி) சிலைகளை உடைத்தார், இன்னோர் இப்ராஹிம் நடுகிறார் என்ற பொருளில் ஒரு ஈரடி நகரமெங்கும் பரவியது. அதை எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கவிஞர் ஃபிகானி 1532இல் கழுதை மேல் ஊர்வலம் விடப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். வசைக்கவி நெஃபி 1635இல் கொல்லப்பட்டார்.

இவற்றைவிட ஆழமானது 1553இன் நிகழ்ச்சி. சுல்தான் சுலைமான் போர்ப் பயணத்தின் நடுவே எரெக்லி அருகே தன் மகன் முஸ்தஃபாவைக் கூடாரத்துக்கு அழைத்துக் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார். படைவீரர்கள் பெரிதும் நேசித்த இளவரசர் அவர். அல்பேனியக் குடும்பத்திலிருந்து சிறுவனாகப் பிடிக்கப்பட்டுப் படையில் வளர்ந்த தாஷ்லிஜாலி யஹ்யா இதற்கு ஓர் இரங்கற்பா எழுதினார். சதி செய்தவர் பெருவிசிர் ருஸ்தம் பாஷா என்று பெயர் சொல்லியே அதில் குற்றம் சாட்டினார். கொலைக்கு ஆணையிட்டவர் அரியணையில் இருந்த காலத்தில், அதே சுல்தானின் படையில் பணியாற்றிய வீரர் எழுதிய பாடல் அது. படைமுகாமிலிருந்து அது வேகமாகப் பரவியது. நிஸாயி என்ற பெண் கவிஞரும் அதே சாவுக்காக ஒப்பாரி எழுதினார். பதவியிழந்து 1555இல் மீண்டும் பெருவிசிரான ருஸ்தம் பாஷா, யஹ்யாவின் உயிரை எடுக்கவே விரும்பினார். சுல்தான் அதற்கு இணங்கவில்லை என்பது மரபுச் செய்தி. யஹ்யா பொறுப்புகளை இழந்து தொலைதூர எல்லைக்குப் போனார். இதையும் அரண்மனை அலங்காரம் என்று வகைப்படுத்தும் பாடநூல், அந்தக் கவிஞர் கொடுத்த விலையை மறைக்கிறது.

மக்களிடம் சேரவில்லை என்ற வாதத்துக்கு ஒரே நூல் போதும். பூர்ஸா பெரிய மசூதியில் இமாமாக இருந்த சுலைமான் செலெபி 1409இல் நபிகள் பிறப்பைப் பாடும் மஸ்னவி ஒன்றை முடித்தார். மக்கள் அதை 'மெவ்லித்' என்றே அழைக்கிறார்கள். அதன் யாப்பு, ரூமியின் மஸ்னவியில் உள்ள அதே அரூஸ் (குறில் நெடில் யாப்பு) அளவை. தீர்ப்பாளர்களின் கணக்குப்படி அது இரவல் யாப்பு, மேல்தட்டு வடிவம். ஆனால் ஆறு நூற்றாண்டுகளாக அனத்தோலியாவிலும் பால்கனிலும் குழந்தை பிறந்தால், சுன்னத்து நடந்தால், ஒருவர் இறந்து 40ஆம் நாள் வந்தால் வீட்டில் ஓதப்படுவது அதுதான். பெண்கள் தமக்குள் நடத்தும் மெவ்லித்தில், தலைத்துணியோடு வரிசையாக அமர்ந்திருப்பவர்களின் கைகளில் பன்னீர் தெளிக்கப்படும். தாகத்தில் நபியின் தாய் ஆமினாவுக்குச் சர்பத் தரப்படும் பகுதி வரும்போது கூடத்தில் சர்பத் சுற்றி வரும். வெள்ளைப் பறவை வந்து ஆமினாவின் முதுகை வருடும் அடிகள் வந்ததும், பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் வருடிக்கொள்வார்கள். பிறப்பைச் சொல்லும் இடத்தில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். முடிவில் காகிதச் சுருளில் மிட்டாய். எழுத்தறியாத பாட்டிமார்கள் அடி பிசகாமல் கூடச் சொல்லும் செய்யுள் அது. கவிதை உடம்பில் இறங்கி வாழ்வதற்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடைப்பது அரிது. பால்கனில் அது பொஸ்னிய, அல்பேனிய மொழிகளுக்கும் போனது.

அலவி சமூகத்தின் வழிபாட்டிலும் இதே நிலைமைதான். அவர்கள் போற்றும் ஏழு பெரும் பாவலர்களில் கிராமத்துப் பாணர் பீர் சுல்தான் அப்தாலும் இருக்கிறார், திவான் மரபின் சிகரங்களான நெஸீமியும் ஃபுசூலியும் இருக்கிறார்கள். ஸாஸ் என்னும் நரம்புக் கருவியோடு பாடும் அந்த மக்கள் இந்த இரு வகையினருக்கும் நடுவே எந்தச் சுவரையும் கண்டதில்லை. 17ஆம் நூற்றாண்டுப் பாணர்களான கெவ்ஹெரியும் ஆஷிக் ஓமெரும் அசையெண்ணும் நாட்டு யாப்பிலும் பாடினார்கள், அரூஸிலும் பாடினார்கள். மறுபக்கம் நகரத்துக் கவிஞர் நெதீம் நாட்டு யாப்பில் பாட்டெழுதினார்; அவர் வளர்த்த 'ஷர்கி' இசைக்கென்றே எழுதப்படும் வடிவம். ஒரே மனிதர்கள் இரண்டையும் கையாண்ட இடத்தில் இரண்டு தனித்தனி இலக்கியங்களைக் கண்டது பிற்காலப் பாடத்திட்டம்.

கல்லிலும் இந்தக் கவிதை உண்டு. தோப்காபி அரண்மனை வாசலுக்கு வெளியே, பொதுத் தெருவில், மூன்றாம் அஹ்மத் 1728இல் கட்டிய நீரூற்றுக் கட்டடத்தின் நான்கு பக்கமும் கவிஞர் வெஹ்பியின் செய்யுள் செதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற இடம் அது. ஆண்டைக் குறிக்கும் அடியின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1141 வரும். சாதாரணக் கல்லறைகளிலும் இப்படி ஆண்டு பொதிந்த அடிகள் உண்டு. இறந்த உறவினரின் நினைவுக்காகக் குடும்பங்கள் கவிஞர்களைத் தேடிப் போய் எழுதி வாங்கியவை அவை.

நகல் என்ற குற்றச்சாட்டு கூடுதல் கவனத்துக்கு உரியது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. யாப்பும் வடிவங்களும் பாரசீகம் வழியே வந்தன. அந்தப் பாரசீகம் அவற்றில் பலவற்றை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்காகப் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸை அரபிக் கவிதையின் நகல் என்று எவரும் சொல்வதில்லை. துருக்கியருக்கு மட்டும் தனி அளவுகோல் ஏன்? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய தேச எல்லைகளின்படி மொழிகள் பிரிந்திருக்கவில்லை. 1514இல் சால்திரான் போர்க்களத்தில் மோதிய இருவரில், ஈரானின் ஷா இஸ்மாயில் 'ஹத்தாயி' என்ற புனைபெயரில் துருக்கியில் பாடியவர். ஒஸ்மானிய சுல்தான் ஸெலிம் பாரசீகத்தில் திவான் எழுதியவர். இரு மொழிகளும் ஒரே இலக்கியக் குடும்பத்தின் முற்றத்தில் புழங்கின.

இரவல் யாப்பைத் தம் மொழிக்குப் பழக்கியது துருக்கியக் கவிஞர்களின் பெரும் உழைப்பு. அரூஸ் குறில் நெடில் அடிப்படையில் நிற்பது. துருக்கியின் சொந்தச் சொற்களில் நெடில் ஏறக்குறைய இல்லை. தொடக்கக் காலக் கவிஞர்கள் நெடில் வரவேண்டிய இடத்தில் குறிலை இழுத்து ஒலித்தார்கள். 'இமாலே' என்ற பெயருள்ள இந்த இழுப்பு குறையாகவே கருதப்பட்டது. ஒற்றடுத்த குறிலும் யாப்பில் நெடிலின் இடத்தை நிரப்பும் என்பதால், துருக்கியச் சொற்களின் மெய்யீறுகளையும் வேற்றுமை உருபுகளையும் தேர்ந்து கோத்து, தலைமுறை தலைமுறையாக அந்தக் குறையைக் குறைத்தார்கள். பாகீயை வாசிப்பவர் இஸ்தான்புல் பேச்சின் ஓட்டம் அரூஸுக்குள் இயல்பாக நடப்பதைக் கேட்கிறார். நெதீமிடம் அது இன்னும் இலகுவாகிறது. ஓர் அந்நிய யாப்பை மொழியின் சொந்த மூச்சாக்குவதற்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. இதை நகலெடுத்தல் என்பவர்கள் செவியால் படிக்காதவர்கள்.

ஒரு கவிஞரின் யாப்பையும் இயைபையும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் பதில் பாடுவது 'நஸிரே' எனப்பட்டது. எதிர்னேயைச் சேர்ந்த நஸ்மி 1523இல் இத்தகைய பாடல்கள் ஆயிரக்கணக்கில் கொண்ட பெருந்தொகுப்பைத் திரட்டினார். கவிஞர் மெஸீஹி எதிர்னே நகரின் கடைத்தெரு இளைஞர்களைத் தொழில்வாரியாகப் பாடிய 'ஷெஹ்ரெங்கிஸ்' வகையைக் கிப்பே துருக்கியரின் சொந்தப் படைப்பாக ஒப்புக்கொண்டார். பாரசீகத்தில் அதை ஒத்த வகை இருந்ததாகப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினாலும், பூர்ஸாவும் எதிர்னேயும் பெயரோடும் தெருவோடும் அதில் நிற்பது மாறாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேக் காலிப் ஆறு மாதங்களில் எழுதிய 'ஹுஸ்ன் உ அஷ்க்' முன்னோர் யாரும் நடக்காத பாதை. அழகும் காதலும் ஒரே குலத்தில் பிறந்து வளரும் அந்தக் கதையில் மெழுகால் ஆன கப்பல்கள் நெருப்புக் கடலைக் கடக்க நிற்கின்றன.

உருவகங்கள் தேய்ந்தவை என்பது இந்தக் கவிதை கேட்கப்பட்ட முறையை அறியாத பேச்சு. துருக்கியில் மூன்றாமிடப் பெயருக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. 'ஓ' என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் இறைவனுக்கும் உரியது. அதனால் ஒரு கஜலின் அன்புக்குரியவர் மதுக்கடையின் இளைஞராகவோ மறைந்து நிற்கும் பெண்ணாகவோ சுல்தானாகவோ அல்லாஹ்வாகவோ ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. அன்புக்குரியவர் சுல்தானைப் போல நடக்கிறார் என்பதை அஹ்மத் ஹம்தி தான்பினார் 1949இல் வெளியான தன் இலக்கிய வரலாற்றில் 'அரண்மனை உருவகம்' என்று கூர்மையாக விளக்கினார். வால்டர் ஆண்ட்ரூஸ் 1985இல் இதையே விரித்து, காதல், ஆட்சி, இறையனுபவம் மூன்றையும் அந்தச் சமூகம் ஒரே சொற்களால் சிந்தித்தது என்று காட்டினார். ரோஜாவும் புல்புல்லும் கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரிந்த பொருளில் எந்த இடத்தில் புது மடிப்பு விழுகிறது என்பதற்காகத்தான் சபை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

விளங்காத மொழி என்பது கடைசி வாதம். 1928இல் எழுத்து மாறியது. 1932 முதல் அரபு, பாரசீகச் சொற்கள் திட்டமிட்டுக் களையப்பட்டன. 1927இல் முஸ்தஃபா கெமால் ஆறு நாட்கள் ஆற்றிய பேருரையே இன்றைய மாணவருக்குப் புதுத் துருக்கியில் மாற்றி எழுதித்தான் தரப்படுகிறது. குடியரசை நிறுவியவரின் பேச்சே இப்படியென்றால், 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் விளங்கவில்லை என்ற பழியை அவர் தலையில் போடுவது பெரும் அநியாயம். வாசகருக்கும் கவிதைக்கும் நடுவே இருந்த பாலம் இருபதாம் நூற்றாண்டில் அகற்றப்பட்டது.

எல்லைகளுக்கு அப்பாலும் இந்தக் கவிதை வேர்விட்டது. அல்பேனியாவில் 18ஆம் நூற்றாண்டில் நெஸிம் ஃப்ராகுலா போன்றவர்கள் இதே வடிவங்களில் தாய்மொழியில் எழுதத் தொடங்கினார்கள். பொஸ்னியாவின் காதல் பாடலான 'செவ்தாலிங்கா' பெயரையே துருக்கியின் 'செவ்தா' என்ற சொல்லிலிருந்து பெற்றது. பொஸ்னியரான சூதி 16ஆம் நூற்றாண்டில் ஹாஃபிஸுக்குத் துருக்கியில் எழுதிய உரையைத் துணையாகக் கொண்டே ஆஸ்திரியக் கீழையியல் அறிஞர் ஹாமர் 1812இல் ஹாஃபிஸை ஜெர்மனில் தந்தார். அந்த மொழிபெயர்ப்பு ஜெர்மன் கவிஞர் கேத்தேயின் கைக்குப் போய் 1819இல் அவருடைய மேற்கு-கிழக்குத் திவான் பிறந்தது. பாரசீகத்தைப் படியெடுத்தவர்கள் என்று இகழப்பட்டவர்களே ஐரோப்பாவுக்குப் பாரசீகத்தை வாசிக்கக் கற்றுத்தந்தார்கள்.

இந்தியாவிலும் துருக்கியக் கவிதைக்கு அரசவை இருந்தது. பாபர் தன் சகதாய்த் துருக்கியில் எழுதிய பாடல்களின் கையெழுத்துப்படி ஒன்று ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் கைப்பட எழுதிய அடிகளும் உண்டு. 1554இல் புயலில் சிக்கிக் குஜராத் கரை ஒதுங்கிய ஒஸ்மானியக் கடற்படைத் தலைவர் ஸெய்தி அலி ரெயிஸ் தரைவழியே ஊர் திரும்பும்போது தில்லியில் ஹுமாயூனிடம் தங்கினார். அவர் சகதாயில் எழுதிக் காட்டிய கஜல்களைக் கேட்டு, ஹுமாயூன் அவரை இரண்டாம் அலி ஷேர் நவாயி என்று அழைத்தார். ஹெராத்தில் 1501இல் இறந்த சகதாய்க் கவிஞர் நவாயியின் பெயரை இஸ்தான்புல்லின் மாலுமியும் தில்லியின் பேரரசரும் ஒரே அளவுகோலாகக் கொண்டிருந்தார்கள்.

துருக்கிக்குள்ளும் மரபின் தொடர்பு முற்றாக அறுபடவில்லை. யஹ்யா கெமால் அரூஸில் இஸ்தான்புல்லைப் பாடினார். புதுக்கவிஞர் துர்குத் உயார் 1970இல் ஒரு நூலுக்குத் 'திவான்' என்றே பெயரிட்டார். ஓர்ஹான் பாமுக்கின் 1990ஆம் ஆண்டு நாவல் 'கருப்புப் புத்தகம்' ஷேக் காலிப்பின் மஸ்னவியைத் தன் அடித்தளமாகக் கொண்டது. அதன் நாயகன் பெயரும் காலிப்தான்.

துருக்கிக்கு வெளியே, அஸர்பைஜானின் பாக்கூவில் இசையமைப்பாளர் உஸெயிர் ஹாஜிபெயோவ் 1908 ஜனவரியில் அரங்கேற்றிய 'லெய்லியும் மஜ்னூனும்', முஸ்லிம் உலகின் முதல் ஓபராவாகக் கருதப்படுகிறது. அதன் பாடல்கள் ஃபுசூலியின் மஸ்னவியிலிருந்து எடுக்கப்பட்டவை. பல இடங்களில் இசையமைப்பாளர் சுரம் எழுதவில்லை. எந்த 'முகாம்' பண்ணில் பாடவேண்டும் என்று குறித்துவிட்டு, பாடகரும் தார் என்னும் நரம்புக் கருவி வாசிப்பவரும் மேடையிலேயே விரித்துப் பாடும்படி விட்டார். பெண்கள் மேடையேற முடியாத காலம் என்பதால் லெய்லியாக ஓர் இளைஞர் நடித்தார். அவர் தேநீர்க்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். ஃபுசூலியின் சொற்களை அவருக்கு எவரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கவில்லை.